புரியாத இடத்தில் ஒரு கொட்டை

என் அக்காவைப் பற்றி இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, காப்பி காயும் களத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அப்போது இருந்தவர்கள்:

மாமா. அக்காவின் வீட்டுக்காரர். நாற்காலியில் இருந்தார்.

அக்கா மகள் ரேவதி. நான் பென்சிலில் எழுதியதைக் கணினியில் அடித்தவள். பிழை திருத்தினாள். சொன்னதை மாற்றவில்லை.

என் மனைவி சரசு.

வாழவந்தி மாரியம்மா. எங்களோடு முப்பது வருசத்துக்கு மேல் காப்பிப் பழம் பறித்தவர்.

பொன்னுசாமி அண்ணன். தலைச்சோலையில் சொந்தக் காட்டில் சாமையும் ஆரஞ்சும் வைத்திருப்பவர்.

தேன்மொழி டீச்சர். பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லித் தருகிறவர். புரொபசர் என்று சொல்ல வேண்டுமாம். எங்களுக்கு டீச்சர் என்றுதான் வாயில் வருகிறது.

அவர் கூட்டி வந்த புது ஆசிரியர்கள் இரண்டு பேர்.

ஒரு நாய். அது கணக்கில் இல்லை.

ஆளுக்குப் பத்துக் காப்பிக் கொட்டை கொடுத்தேன். நடுவில் ஓர் எவர்சில்வர் தட்டு வைத்தேன். அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அது எதற்கு என்று தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தலைச்சோலைக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் தாத்தா கீழ்நாட்டில் மழை இல்லாமல் மலை ஏறியவர். அப்பா அந்த எஸ்டேட்டிலேயே வேலை செய்தார். அம்மாவும் அப்படியே. அக்கா மூத்தவர். நான்கு வருசம் கழித்து நான்.

அக்கா ஏற்காட்டுப் பள்ளிக்கு நடந்து போய்ப் படித்தார். மழை நாளில் கோணிச் சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவார். புத்தகம் நனையாது. அக்கா நனைவார். ஒரு நாளும் லீவு போட்டதில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருமுறை அப்பாவிடம், "உம் புள்ள இப்படிப் படிச்சா நாளைக்கு என் நாற்காலியக் கேட்கும் போலிருக்குதே" என்றார். அப்பா பயந்துவிட்டார். அக்கா, "அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதுங்கப்பா. எனக்கு வேண்டாம்" என்றார்.

நான் ஐந்தாவது வரை. வகுத்தல் கணக்கு எனக்கு ஏறவில்லை. வாத்தியார் நல்லவர். ஒவ்வொரு கணக்கும் போட்டுவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லோரும் "புரிஞ்சுதுங்க சார்" என்போம். நான் எல்லோரையும் விட நன்றாகத் தலையாட்டுவேன். ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருசம் ஆட்டினேன். மூன்றாம் வருசம் அப்பா கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார். காப்பிச் செடி கேள்வி கேட்பதில்லை. எனக்கு அது ஒத்துப்போனது.

அக்கா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி முடித்தார். மேலே படித்தார். வேதியியல். பிறகு கீழே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. எங்கள் லைனில் அன்று எல்லா வீட்டிலும் கேசரி.

வேலைக்குப் போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார். மெயின் ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தார். முகம் நன்றாக இல்லை. நான் களத்தில் உட்கார்ந்து, தட்டில் கொட்டை கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு மணி நேரம் பேசினேன்டா. அறுவது பேரும் தலையாட்டுச்சு. பரீட்சை வெச்சா ஒண்ணுமில்லே."

"பெரிய வாத்தியாருங்க யாரும் எப்படிப் பாடம் நடத்தறதுன்னு சொல்லித் தரலியாக்கா?"

"சாவி குடுத்தாங்க."

"என்ன சாவி?"

"அலமாரி சாவி. சாக்பீஸ் உள்ளே இருக்குதுன்னாங்க. அவ்வளவுதான்."

என் தட்டிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டேய், அஞ்சாவதுல நீ ரெண்டு வருசம் தலையாட்டினியே. எதுக்குடா?"

"சாரு பாவம்னு."

"என்னது?"

"தொண்டை வத்தப் பேசறாருங்க. புரியலேன்னா அவரு மூஞ்சி வாடிப்போகுமில்ல."

அக்கா அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். பிறகு எழுந்து நின்றார். திங்கட்கிழமை நடத்த வேண்டிய பாடத்தை எனக்கு நடத்தினார். "புரியிலேன்னா வாயைத் தெறக்காதே. ஒரு கொட்டையை எடுத்து அந்தக் காலித் தட்டுல போடு. நான் உன் மூஞ்சியப் பார்க்க மாட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கு விழுந்தது நாற்பத்தொன்று. அக்கா திரும்பித் தட்டைப் பார்த்தார்.

"உன் வாத்தியாரு குடுத்து வெச்சவருடா. கடேசி வரைக்கும் அவருக்கு இது தெரியவே இல்லே."

அப்புறம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாமா மின்வாரியத்தில் இருந்தார். அக்கா எங்கே மாற்றலாகிப் போனாலும் மாமாவும் மாற்றல் கேட்டுப் பின்னால் போனவர். இதை எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். துறையில் பெரியவர் ஆனார். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "எனக்குச் சாவி குடுத்தாங்க. நான் வேற ஏதாச்சும் குடுக்கணும்" என்பார். அவர்கள் வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். தம் வகுப்பில் அவர்களை உட்கார வைப்பார். தாம் சொதப்பிய கதைகளை முதலில் சொல்லிவிடுவார். பெயர் கூப்பிடும்போது நோட்டைப் பார்க்காதே, பிள்ளையின் முகத்தைப் பார் என்பார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி எங்கள் ஊருக்குக் கூட்டி வருவார். எஸ்டேட்டுக்கு அன்று லீவு. களத்தில் காப்பி காயும். ஓரத்தில் நாங்கள் உட்காருவோம். கரும்பலகை கிடையாது. ஆளுக்கு இருபது நிமிசம். அவரவர் பாடம். எங்கள் கையில் கொட்டை. நடுவில் தட்டு. அக்கா முதுகைக் காட்டி உட்காருவார். காது மட்டும் இந்தப் பக்கம். 'ணங்' என்று விழும். எண்ணிக்கொள்வார். அங்கே ஒன்றும் சொல்ல மாட்டார். பஸ்ஸில் மலை இறங்கும்போது தனித்தனியாகப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வார்.

ஒரு வருசம் வந்த தம்பி ஒருவருக்குக் கோபம் வந்தது. "மேடம், வெப்ப இயக்கவியலை நான் இவங்களுக்குப் போய்ச் சொல்றதா?" என்றார்.

"ஏன் கண்ணு? உனக்குச் சொல்லத் தெரியாதா, இவங்களுக்குக் கேட்கத் தெரியாதா? எதுன்னு இன்னிக்குப் பார்த்துரலாம். ஆரம்பி."

அவர் தொடங்கி ஐந்து நிமிசத்தில் மாரியம்மா கையில் இருந்த மொத்தத்தையும் ஒரே தரமாகத் தட்டில் கொட்டிவிட்டு எழுந்தார். "மொத்தமாப் போட்டுட்டேன் சாமி. கோழிக்குத் தீனி வெக்கோணும். கோவிச்சுக்காதீங்க" என்றார். அந்தத் தம்பிதான் அதிகம் சிரித்தார். இப்போது அவர் வேறு ஒரு ஊரில் துறைத் தலைவர். போன மாதம் தபாலில் எனக்கு ஒரு தட்டு அனுப்பினார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

தேன்மொழி டீச்சர் வேலைக்கு வந்து அப்போது ஒரு வருசம் ஆகவில்லை. நாகப்பட்டினம் பக்கம். அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தம்பியும் இவர் சம்பளத்தில். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இவர் நடத்துவது புரியவில்லை என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தை முடிந்து ஒரு குழு வந்து வகுப்பில் உட்காரும். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் வேலை போய்விடும். அக்கா இதை எங்களிடம் முன்பே சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு அவரே சொன்னார்.

அந்த ஞாயிறு வந்தது. டீச்சர் இட்லியைத் தொடவில்லை. சரசு என் காதில், "அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குதுங்க" என்றாள். நானும் பார்த்தேன்.

டீச்சர் 'சமநிலை' என்று ஒரு பாடம் நடத்தினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கொட்டையை எடுத்தேன். அவர் என் கையையே பார்த்தார். கொட்டையை மடியில் போட்டுக்கொண்டேன். தலையாட்டினேன். எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துத்தான் போடுவார்கள். நான் போடவில்லை. அவர்களும் போடவில்லை. மாரியம்மா, "நல்லாச் சொல்லுது புள்ள" என்று வாயாலும் சொன்னார்.

இரண்டு கொட்டை விழுந்தது. இரண்டும் பொன்னுசாமி அண்ணன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. நடுங்கும் கையை அவர் பார்க்கவில்லை.

அக்கா தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அன்று பஸ் ஏறும்வரை காத்திருக்கவில்லை. "ரெண்டுதானா! கண்ணு, எங்க தட்டு பொய் சொல்லாது. இதையே குழுவுக்கு முன்னால நடத்து" என்றார். டீச்சர் அப்போதுதான் சாப்பிட்டார். நான்கு இட்லி.

பத்து நாள் கழித்து, வேலை நாளில், அக்கா தனியாக வந்தார். வேலை நாளில் அவர் வந்ததே இல்லை. நான் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குடா."

இறங்கினேன்.

"குழு வந்துச்சு. அந்தப் புள்ள அதே பாடத்தை அப்படியே நடத்துச்சு. ஒருத்தனுக்கும் புரியலே. ஒரு கேள்வி கேட்டாங்க. அப்படியே நின்னுட்டா. நீ கொட்டை போட்டியா இல்லியா?"

"இல்லீங்க்கா."

"புரிஞ்சுதா உனக்கு?"

"இல்லீங்க்கா."

"அப்புறம்?"

"விருந்தாளியா வந்த புள்ள. கை நடுங்குச்சு."

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. "நீ அவளுக்கு மரியாதை செஞ்சியா? உன் வாத்தியாருக்கும் இதே மரியாதையத்தான் செஞ்சே. என்ன கெடைச்சுது உனக்கு?"

"கவாத்துக் கத்தி கெடைச்சுதுங்க."

அக்கா சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "போடா. பரீட்சைக்கு முன்னாடி இன்னொரு தடவை வருவாங்களாம். நாலஞ்சு வாரம் இருக்குது. அதோட சரி. அந்தப் புள்ள என்னடான்னா, மலைக்காரங்களுக்கே புரிஞ்ச பாடம் மாணவங்களுக்குப் புரியலே, தப்பு அவங்க மேலேங்குது. உன்னாலதான்" என்றார்.

மறுநாள் நான் தட்டையும் ஒரு பை கொட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பல்கலைக்கழக வாசலில் ஒருவர் நிறுத்தினார்.

"யாரைப் பார்க்கணும்?"

"தேன்மொழி டீச்சரைங்க."

"எதுக்கு?"

"பாடம் கேட்கங்க."

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரெண்டுங்க."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே விட்டுவிட்டார்.

டீச்சர் தம் அறையில் தனியாக இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியிலீங்க."

"ஒண்ணுமேவா?"

"சமநிலைன்னீங்க. அது காதுல விழுந்துச்சுங்க."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கு அதுவும் விழுகலீங்க."

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். கிளம்பலாம் என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. இரண்டும் இருந்தது.

"உட்காருங்க ஐயா. இப்பச் சொல்றேன். ஈவு இரக்கம் பார்க்காமப் போடுங்க" என்றார்.

போட்டேன். பதினேழு. ஒவ்வொரு தடவை விழும்போதும் அவர் நிறுத்தி, எந்தச் சொல்லில் விழுந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கை நடுங்கவில்லை.

அதன் பிறகு நான்கு ஞாயிறு மலைக்கு வந்தார். அக்கா கூட வரவில்லை. "நான் வந்தா என் முதுகைப் பார்த்து நடத்துவா. உங்க மூஞ்சியப் பார்த்து நடத்தட்டும்" என்று சொல்லிவிட்டார். முதல் ஞாயிறு பதினான்கு. அடுத்தது பதினொன்று. மூன்றாவது பன்னிரண்டு. அன்று டீச்சர் பஸ் வரும்வரை தம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுசாமி அண்ணன் ஒரு பை ஆரஞ்சு கொடுத்து, "கூடினா என்னுங்க அம்மிணி, கூடறதும் கொறையறதும்தானே" என்றார்.

நான்காவது ஞாயிறு டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. நேராக மாரியம்மாவைக் கேட்டார்.

"மாரியம்மாக்கா, காலையிலேர்ந்து இருநூறு பேரு மெயின் ரோட்டுல ஏற்காட்டுக்கு ஏறுறாங்கன்னு வச்சுக்குங்க. அதே நேரத்துல இருநூறு பேரு குப்பனூர் வழியா எறங்குறாங்க. ஏற்காட்டுல ஆளு கூடுமா, கொறையுமா?"

"அதேதானுங்க இருக்கும்."

"அப்ப ரெண்டு ரோடும் சும்மா இருக்குதா?"

"எங்கீங்க சும்மா இருக்குது! வளைவுக்கு வளைவு ஆரன் அடிச்சே கொல்றானுங்க."

"மேலே இருக்குறது அதே ஆளுங்கதானா?"

"இல்லீங்க. வந்தவன் போவான், புதுசா வருவான். தலைக்கணக்குத்தான் ஒண்ணு."

"அதுதாங்க சமநிலை. பார்த்தா நின்ன மாதிரி இருக்கும். நிக்கலை. ஏறுறதும் எறங்குறதும் ஒரே வேகம். என் பாத்திரத்துக்குள்ளேயும் இதுதான் நடக்குது."

தட்டில் சத்தமே இல்லை. நான் கையில் கொட்டையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போட இடம் வரவில்லை. இந்த முறை நான் யாருக்கும் மரியாதை செய்யவில்லை. எனக்குப் புரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பாடம் முழுசாகப் புரிந்தது.

அப்போது 'ணங்'. பொன்னுசாமி அண்ணன்.

"ஏனுங்க அம்மிணி, அப்பச் சந்தையன்னிக்கு? அன்னிக்கு நொம்பப் பேரு ஏறுவாங்களே. உங்க சமநிலை என்னாகறது?"

டீச்சர் அப்போதுதான் தோள்பையைக் கழற்றி வைத்தார். பிறகு, "ஐயா, அடுத்த வாரப் பாடத்தை இன்னைக்கே கேட்டுட்டீங்க" என்றார். கூட்டம் ஏறினால் இறங்குகிற கூட்டமும் கூடும், கொஞ்ச நேரத்தில் ஏறுவதும் இறங்குவதும் மறுபடி ஒன்றாகும் என்று சொல்லிக் காட்டினார். அண்ணன் கேட்டுவிட்டு, தட்டில் போட்ட கொட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றார். கூடாது என்றோம்.

குழு இரண்டாம் முறை வந்தது. டீச்சர் சேலம் பஸ் நிலையத்தை வைத்துத் தொடங்கினாராம். கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் எழுந்து சந்தை நாள் கேள்வியைக் கேட்டானாம். இவர் சிரித்துவிட்டாராம். குழுவில் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாடம் கேட்டாராம். வேலை நிரந்தரம் ஆனது. உத்தரவு வந்த அன்று டீச்சர் அக்காவின் காலைத் தொட்டிருக்கிறார். அக்கா, "இந்தப் பழக்கமெல்லாம் வேண்டாம் கண்ணு. அடுத்த தையில ரெண்டு புதுப் புள்ளைங்க வருது. நீ கூட்டிட்டு வா" என்றார். அன்று முதல் ஒரு தையும் தவறவில்லை.

அக்கா ஓய்வு பெற்றதும் மாமாவோடு மலைக்கே வந்துவிட்டார். லைன் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சிறியதாக ஒரு வீடு. வாசலில் ஒரு பெஞ்சு. விடுமுறை நாளில் யாராவது ஓர் இளம் ஆசிரியர் வந்து உட்கார்ந்திருப்பார். அக்கா மிளகு உதிர்த்துக்கொண்டே கேட்பார்.

கடைசி வருசம் இதயம் சரியில்லை. சேலத்தில் சேர்த்தோம். டாக்டர் இளம் வயது. படம் காட்டி வேகமாக விளக்கினார். முடிவில், "புரிஞ்சுதாம்மா?" என்றார். அக்கா என் பக்கம் கையை நீட்டினார். என் சட்டைப் பையில் எப்போதும் கொட்டை இருக்கும். கொடுத்தேன். அக்கா ஒன்றன்பின் ஒன்றாக மருந்துத் தட்டில் போட்டார். ஏழு.

"டாக்டர் கண்ணு, ஏழு எடத்துல எனக்குப் புரியிலே. நீங்க நல்லாப் பேசறீங்க. நிறுத்தி நிறுத்திச் சொன்னா இன்னும் நல்லாயிருக்கும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலிலிருந்து சொன்னார். இனி நாள் அதிகம் இல்லை என்பதையும் சொன்னார். அக்காவுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. என் கையில் இரண்டு கொட்டை மீதி இருந்தது. போடவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் இருந்தார். காப்பிப் பூ பூத்திருந்தது. சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். ஒரு காலையில் போய்விட்டார். வலி இல்லை.

அக்கா போய் இது முதலாம் ஆண்டு.

அந்த டாக்டருக்கு நன்றி. ஏழு கொட்டையும் அவர் மேசையில் இருக்கிறதாம். இரவில் கூட இருந்த நர்ஸ் அம்மாக்கள் இருவருக்கும் நன்றி. அக்கா போன அன்று எங்கள் திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரும் ஏறும்வரை காத்திருந்த டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நன்றி. தோள் கொடுத்த தலைச்சோலை, வாழவந்தி ஆட்களுக்கு நன்றி. காரியத்தன்று சமைத்த மாரியம்மாவுக்கும் சரசுவுக்கும் நன்றி. பல ஊர்களிலிருந்து வந்து வரிசையில் நின்ற ஆசிரியர்களுக்கு நன்றி. எங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கும் நன்றி. தப்பு அவர் மேல் இல்லை.

இந்தக் கட்டுரையை முதல் தடவை வாசித்தபோது ஒன்பது கொட்டை விழுந்தது. மாமாவைப் பற்றி எழுதவில்லையே என்று ஒன்று. மற்றதையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். திருத்தினேன். மறுநாள் அதே ஆட்களை உட்கார வைத்து மறுபடி வாசித்தேன்.

விழுந்தது இரண்டு.